கமிஷன் வாங்காத ஓர் ஆள் வேண்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்காரர் புது வி.எம்.சி. மெஷின் வாங்குவதென்றால் பத்து பேரைக் கேட்பார். அதே மாடலை ஏற்கெனவே ஓட்டுகிறவரின் ஷெட்டுக்குப் போய், ஸ்பிண்டில் சத்தத்தைக் காதால் கேட்டு, ஆபரேட்டரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்து, அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் ஆக்மி கண்காட்சியிலும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார். அதே மனிதர், தன் தொழிலின் மொத்தக் கணக்கும் ஸ்டாக்கும் டிராயிங்கும் எந்த சாஃப்ட்வேரில் போய் உட்காரப்போகிறது என்பதை, லேப்டாப்போடு வந்த ஒருவர் முக்கால் மணி நேரம் காட்டிய படத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார். அவருக்கு விவரம் போதாது என்று சொல்ல மாட்டேன். மெஷினைப் பற்றிக் கேட்க அவருக்கு ஆள் இருக்கிறது. இதைப் பற்றிக் கேட்க ஆளே இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

நான் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்க்கிறவள். பாடி, அத்திப்பட்டு, திருமுல்லைவாயல், காக்களூர் என்று சென்னையின் இந்த மேற்குப் பக்கத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் அது கடைசியில் வந்து விழுவது கணக்குப் பார்க்கிறவள் மேஜையில்தான். ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள் சாயங்காலம் "மேடம், சிஸ்டம் ஓபனே ஆக மாட்டேங்குது" என்று போன் வருவது எனக்குத்தான். சாஃப்ட்வேர் விற்றவருக்கு இல்லை. அவர் போனை எடுப்பதில்லை.

இந்தப் பக்கத்தின் தொழில் வரலாறு லேசுப்பட்டதில்லை. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத் தொழிற்சாலைகள், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், டன்லப். இப்படிப்பட்ட பெரிய ஆலைகளுக்கு புஷ்ஷும் பின்னும் பிராக்கெட்டும் செய்து கொடுத்து வளர்ந்ததுதான் 1960களில் உருவான அம்பத்தூர் எஸ்டேட். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும் என்று தெரிந்து வேலை செய்கிற கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அதே எஸ்டேட்டில் இந்த நூற்றாண்டு பிறந்த பிறகு பழைய ஷெட்டுகள் பல இடிக்கப்பட்டு ஐ.டி. கட்டடங்கள் எழுந்தன. ஒரு காம்பவுண்டில் பவர் பிரஸ் அடிக்கும் சத்தம். பக்கத்து காம்பவுண்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை ராத்திரி முழுக்கக் கண்காணிக்கும் பிள்ளைகள். 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க்கும் திறந்தாகிவிட்டது: 21 மாடி, 330 கோடி ரூபாய். திருவள்ளூர் ரயிலில் போகும்போது பார்க்கிறேன். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ரயிலில் இறங்கி நான் போகிற யூனிட்டில், கம்ப்யூட்டர் விஷயம் எதுவானாலும் கேட்க இருக்கும் ஒரே ஆள், பைக்கில் பென் டிரைவோடு வந்து விண்டோஸ் போட்டுவிட்டுப் போகும் ஒரு தம்பி. அவன் நல்ல பிள்ளை. பிரிண்டர் மாட்டுவான், ஆன்டிவைரஸ் போடுவான். இந்தத் தொழில் அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்த வழியில் போக வேண்டும் என்று அவனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான், பாவம்.

நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டால் பெரிய சம்பளத்தில் ஒரு ஐ.டி. தலைவரை வைத்துக்கொள்ள முடியாது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் வெளியிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் வந்து வழிகாட்டும் ஆள் என்ற ஏற்பாடு வந்தது. விர்ச்சுவல் சி.ஐ.ஓ., ஃப்ராக்‌ஷனல் சி.டி.ஓ. என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அதில் எனக்குச் சண்டை இல்லை. 1989-ல் அமெரிக்காவின் கோடாக் தன் கம்ப்யூட்டர் மையங்களை ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது முதல், வெளியாளிடம் வேலை கொடுப்பது உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகளுக்கு வழக்கமாகிவிட்டது. சென்னையில் 1994-ல் தொடங்கிய காக்னிசன்ட் உட்பட நம் ஊர் ஐ.டி. தொழிலே அந்த வழக்கத்தின் மேல் எழுந்ததுதான். உலகத்துக்கெல்லாம் இந்த வேலையைச் செய்து கொடுத்த ஊரில் ஒரு லேத் பட்டறைக்கு நேர்மையான ஒரு ஆலோசகர் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆலோசகர் என்று வருகிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் விற்பனையாளர்கள். ஏதாவது ஒரு சாஃப்ட்வேருக்கோ கிளவுடுக்கோ பார்ட்னர். லைசென்ஸ் விற்றால் கமிஷன், வருஷா வருஷம் ஏ.எம்.சி. புதுப்பித்தால் அதிலும் பங்கு. யூனிட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே அவருக்கு விடை தெரியும். "உங்க பிராசஸை ஸ்டடி பண்றோம்" என்று ஒரு வாரம் சும்மா சுற்றிவிட்டு, கடைசியில் தான் விற்கும் சாமானையே பரிந்துரைப்பார்.

ஒரு டெமோவுக்கு நானும் கூட இருந்தேன். ஓனர், ஃபோர்மேன், ஸ்டோர்ஸ் பார்க்கிற அண்ணன், நான். வந்தவர் திரையில் வண்ண வண்ணமாக டாஷ்போர்டு காட்டினார். ஸ்டோர்ஸ் அண்ணன் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சார், நூறு கிலோ ராடு டர்னிங்குக்கு அனுப்புறேன். அவரு வேலைய முடிச்சுட்டு எங்களுக்கு அனுப்பாம நேரா ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பிடுவாரு. அங்கேருந்து பிளேட்டிங். எங்க ஷெட்டுக்கு சரக்கு வர்றது கடைசியிலதான். அதுவும் ஒரே நடையில வராது, நாலு டி.சி.ல வரும். நடுவுல எது யாருகிட்ட எத்தன பீஸ் இருக்குன்னு இதுல எங்க பாக்குறது? ஸ்கிராப் வெயிட் எங்க கழியும்?"

வந்தவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்" என்றார். அடுத்து ஃபோர்மேன், ரீவொர்க்குக்குத் திரும்பி வரும் பீஸை எப்படிக் காட்டுவது என்று கேட்டார். அதற்கும் கஸ்டமைஸ்தான். எதைக் கேட்டாலும் அதே வார்த்தை. அதற்குத் தனி ரேட் என்பது ஆர்டர் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்டது சில்லறைக் கேள்வி இல்லை. அம்பத்தூரின் உயிரே ஜாப் ஒர்க்தான். ஒரு சாமான் முழுசாக ஒரே ஷெட்டில் முடிவது அபூர்வம்; தெருத் தெருவாகப் போய்த்தான் முடியும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு வெளியே போன மெட்டீரியல் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாகிவிட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்கு வைத்து வரியும் வட்டியும் கட்ட வேண்டும். ஐ.டி.சி.-04 படிவத்தில் போனது வந்தது எல்லாம் காட்ட வேண்டும். இந்த யூனிட்டில் கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். அதை அறியாத ஒருவர் அந்த யூனிட்டுக்குத் தொழில்நுட்பத் தலைமை தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, மாதக் கட்டணமும் வாங்கினார். இன்றைக்கும் அந்த அண்ணன் நீள நோட்டில்தான் டி.சி., அதாவது டெலிவரி சலான், எழுதுகிறார். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்து ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கியதன் பலன், ஒரே கணக்கை இரண்டு தடவை எழுதுவது.

நிஜமான ஆலோசகர் முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் புரட்டியிருப்பார். "இப்போதைக்கு டேலி போதும், டி.சி. ரிஜிஸ்டரை மட்டும் ஒழுங்கு பண்ணுங்க, வேறெதுவும் ஒரு வருஷத்துக்கு வாங்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறவர்தான் ஆலோசகர். விற்றால்தான் வருமானம் என்றிருப்பவர் வாயில் அந்த வார்த்தை எப்படி வரும்?

அரசாங்கம் ஒவ்வொரு விதி கொண்டுவரும்போதும் இந்தக் கூட்டத்துக்கு அறுவடை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2018 ஏப்ரலில் ஈ-வே பில். பிறகு ஈ-இன்வாய்ஸ்: 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. மூன்று வருஷம் படிப்படியாக இறங்கி வந்த விதி. ஒரு தொழில்நுட்பத் தலைவர் இருந்திருந்தால் முதல் வருஷமே, "இது நமக்கும் வரும், இப்பவே பில் ஃபார்மேட்டையும் ஹெச்.எஸ்.என். கோடையும் சரி பண்ணிடுவோம்" என்று சொல்லியிருப்பார். நடந்தது என்ன? ஆகஸ்ட் முதல் வாரம் லாரி கேட்டில் நிற்கிறது, ஈ-இன்வாய்ஸுக்கான ஐ.ஆர்.என். எண் வரவில்லை, டிரைவர் திட்டுகிறார், ஓனர் போனில் யாரையோ கெஞ்சுகிறார். அந்த அவசரத்தில் யார் என்ன விலை சொன்னாலும் கொடுத்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். நாளைக்கு நாலைந்து பில் மட்டும் போடுகிறவர்களுக்கு தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி.யே ஈ-இன்வாய்ஸ் போட இலவசமாக ஒரு கருவி கொடுத்திருந்தது. அதைச் சொன்ன ஆலோசகர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அதில் கமிஷன் இல்லையே!

அதே 2023 ஏப்ரல் முதல் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆடிட்டர் கேட்டபோதுதான் ஒரு ஓனருக்கு அப்படி ஒரு விஷயமே தெரிந்தது. மாதா மாதம் பணம் வாங்கும் ஐ.டி. ஆலோசகர் என்ன செய்துகொண்டிருந்தார்?

சாவி யார் கையில் இருக்கிறது என்பது இதைவிட மோசமான கதை. கம்பெனி பெயரில் இருக்கும் இணைய முகவரி, பல யூனிட்டுகளில், வெப்சைட் போட்டுக் கொடுத்தவரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது. அவரோடு மனஸ்தாபம் வந்தால் மெயில் நின்றுவிடும். கஸ்டமர் அனுப்பிய ஷெட்யூல் வராது, கொட்டேஷன் கேட்டு வந்த மெயில் காணாமல் போகும். சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு கேட்டால், "அது எங்க பாலிசிப்படி தர முடியாது மேடம்" என்கிறார்கள். பணம் போட்டு வாங்கிய சர்வர், தன் கட்டடத்தில் தன் கரண்டில் ஓடுகிறது. உள்ளே நுழைய ஓனருக்கு அனுமதி இல்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். நாள்கணக்கில் வடியவில்லை. மோட்டாரும் பேனல் போர்டும் மூழ்கின. நான் கணக்குப் பார்க்கும் ஒரு யூனிட்டில் சர்வர் மாடிப்படிக்குக் கீழே தரையில் இருந்தது. தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்று ஆலோசகர் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். எடுத்தது உண்மை. ஆனால் பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கை அதே சர்வர் பெட்டியின் பக்கத்திலேயே செருகி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றாக நனைந்தன. மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு இடத்தில் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. படிக்குக் கீழே இருக்கும் பெட்டியை மாடிக்குத் தூக்கி வை என்று சொல்ல எந்த லைசென்ஸும் தேவையில்லை, பைசா செலவும் இல்லை. தலைமை ஆலோசனை என்று மாதக் கட்டணம் வாங்கியவர் அதைக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நாங்கள் பழைய பில் புக், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருந்த விவரம் எல்லாவற்றையும் வைத்து மறுபடியும் எழுதினோம். டிராயிங்குகளில் போனது போனதுதான்.

வேறொரு யூனிட்டில் ஒரு திங்கட்கிழமை காலையில் ஃபைல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பணம் கேட்டு இங்கிலீஷில் ஒரு குறிப்பு. சப்போர்ட் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ரிமோட் கனெக்‌ஷனை இருபத்து நாலு மணி நேரமும் திறந்தே வைத்திருந்தார்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இப்படி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஓனருக்கு செர்ட்-இன் என்ற பெயரே தெரியாது. தெரிய வேண்டியவர், "நான் ஊரில் இல்லை, ரெண்டு நாள்ல வரேன்" என்றார்.

இப்போது புதிதாக விண்டோஸ் 10 பிரச்னை. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உடனே எல்லா பி.சி.யையும் மாற்றச் சொல்லி கொட்டேஷன் பறக்கிறது. ஆபீஸ் பி.சி.க்கு அந்த யோசனை சரியாக இருக்கலாம். குவாலிட்டி ரூமில் அளவு பார்க்கும் மெஷினோடு இருக்கும் பி.சி.யின் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதை மாற்றினால் மெஷினே சும்மா நிற்கும். நெட்வொர்க்கிலிருந்து கழற்றித் தனியாக வைத்தால் போதும் என்று சொல்ல, அந்த ரூமுக்குள் போய்ப் பார்த்த ஒருவர் வேண்டும். கொட்டேஷன் அனுப்பியவர் கேட்டைத் தாண்டவே இல்லை.

ஆடிட்டரைப் பாருங்கள். அவரும் வெளியாள்தான், பகுதி நேரமாக வருகிறவர்தான். எந்தச் சின்ன யூனிட்டும் முழுநேர ஆடிட்டரை வைத்துக்கொள்வதில்லை. இருந்தும் அவரை நம்புகிறோம். காரணம், அவருக்கு 1949-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலில் வெளியாரிடம் கமிஷன் பங்கு வாங்கினால் அது ஒழுங்கீனம். அவருடைய இன்ஸ்டிட்யூட்டே விசாரித்து உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம். ஐ.டி. ஆலோசகருக்கு அப்படி எதுவுமே கிடையாது. யார் வேண்டுமானாலும் கார்டு அடிக்கலாம். கணக்கைத் தப்பாக எழுதினால் கேட்க நாதி இருக்கிறது. கணக்கு முழுவதையும் தண்ணீரில் விட்டவரைக் கேட்க யாரும் இல்லை. சட்டம் வரும் வரை காத்திருக்க எங்களால் முடியாது.

சங்கங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் காக்களூரிலும் உற்பத்தியாளர் சங்கங்கள் பலமாக இருக்கின்றன. தனித்தனியாக வாங்க முடியாத டெஸ்டிங் மெஷினைப் பொது வசதி மையம் வைத்துப் பகிர்ந்துகொள்வது சிறுதொழிலுக்குப் புதிதில்லை. அதே மாதிரி இருபது யூனிட் சேர்ந்து ஒரு நல்ல ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் இருபது, இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து வெளியே வந்தவர்கள் அண்ணா நகரிலும் முகப்பேரிலும் ஆவடியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் எதையும் விற்கக் கூடாது, எவரிடமும் கமிஷன் வாங்கக் கூடாது, முதல் மாதம் முழுக்க ஷாப் ஃப்ளோரிலும் ஸ்டோர்ஸிலும்தான் உட்கார வேண்டும். லீன் திட்டத்தில் சிறுதொழிலுக்கு வரும் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. இதற்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். கேட்டால்தானே கிடைக்கும்.

ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ஆலோசனை ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், இணைய முகவரியும் அட்மின் பாஸ்வேர்டும் டேட்டாவும் உங்கள் பெயரிலேயே, உங்கள் கையிலேயே இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் தர்ற பணத்தைத் தவிர, இதுல உங்களுக்கு வேற யாரு பணம் தர்றாங்க?" அதற்குப் பதிலை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அவர் விற்க வந்தவர். சாமான் வாங்குவதென்றால் அவரிடம் வாங்குங்கள். ஆலோசனைக்கு வேறு ஆளைப் பாருங்கள்.